குளிர்ப்பொறி மாற்றுங்கால் ஆளைத் தெரிதல்

ஒரு பொருளை வாங்கப் புகுங்கால் அப்பொருளின் பெருமையை ஆராய்வதிலேயே நம்மவர் காலம் முழுதும் கழிகின்றது. அதனைக் கொணர்ந்து வீட்டில் நிலைநிறுத்தும் ஆளின் தகுதியை ஆராய்வார் மிகச் சிலரே. நாற்காலி, அலமாரி முதலியவற்றில் இவ்வழக்கம் பெருந்தீங்கு விளைப்பதன்று. ஆனால் பழைய ஏ.ஸி. பொறியைக் கழற்றிப் புதியதொன்றை அமைக்க எண்ணுவார்க்கு இது பொருட்கேட்டையும், சிற்சில வேளைகளில் உயிர்க்கேட்டையுமே தருவதாகும். எக்கம்பெனியின் பொறி சிறந்தது, எத்தனை நட்சத்திரம் உடையது, எக்கடையில் விலை குறைவு என்று பத்து நாள் வினவும் குடும்பத்தார், "பொருத்துபவர் யார்?" என்னும் வினாவிற்குப் பத்து நிமிடமும் ஒதுக்குவதில்லை. இம்முறை தலைகீழானது என்பதும், பொறியைத் தெரிதலினும் அதனைப் பொருத்தும் ஆளைத் தெரிதலே முதன்மையானது என்பதும் எமது கருத்து.

கல்லூரிச் சஞ்சிகையின் தமிழ்ப் பகுதியில் இஃதென்ன பொருள் என்று வினவுவாரும் இருப்பர். குளிர்ப்பொறி செல்வர் வீட்டுப் பொருள். அதனைப் பற்றிய ஆராய்ச்சி மாணவர்க்கு வேண்டாதது என்பர் அவர். அக்காலம் கழிந்தது. முதியோர் உள்ள வீட்டிலும், நோயாளர் உள்ள வீட்டிலும், மொட்டைமாடியின் கீழ் ஓரறையில் நால்வர் உறங்கும் வீட்டிலும் இற்றைநாள் இப்பொறி புகுந்துவிட்டது. தவணைக் கடன் பெற்று இதனை வாங்கும் குடும்பங்கள் பல. அத்தகைய வீட்டில் ஒரு பிழையான தேர்வு, ஒரு கோடையின் உறக்கத்தையும் பல மாதங்களின் மின்கட்டணத்தையும் விழுங்கிவிடும். அன்றியும், ஆளைத் தேடும் பணி இக்காலத்துப் பெரும்பான்மையான வீடுகளில் மாணவராகிய நம்மையே சார்ந்துள்ளது. "கைப்பேசியிற் பார்த்து நல்ல மெக்கானிக் ஒருவரை அழை" என்று தந்தையார் பணிக்கின்றார். நாமும் முதலிற் கண்ட பெயரை அழைத்துக் கடமை முடிந்ததென இருக்கின்றோம். ஆதலின் இப்பொருள் நமக்குப் புறம்பானதன்று.

ஆளே முதன்மை என்று கூறுதற்குக் காரணம் யாது? பொறியின் அமைப்பே அதற்குக் காரணம். பிரிஜ் என வழங்கும் குளிர்பெட்டி தொழிற்சாலையிலேயே முற்றுப்பெற்று வருவது. அதன் குழாய்களெல்லாம் ஆண்டே பற்றவைக்கப்பட்டு, கேஸ் நிரப்பப்பட்டு, அடைக்கப்பட்டுவிடும். வீட்டிற்கு வந்தபின் மின்னிணைப்புக் கொடுத்தாற் போதும். ஸ்ப்ளிட் ஏ.ஸி. அத்தன்மையதன்று. அது சுவரின் உட்புறத்தே ஒரு பகுதியும் வெளிப்புறத்தே ஒரு பகுதியுமாக இரண்டாகப் பிரிந்து வருகின்றது. இண்டோர், அவுட்டோர் என்று மெக்கானிக்குகள் வழங்கும் இவ்விரு பகுதிகளையும் இரண்டு செப்புக் குழாய்கள் இணைக்கின்றன. குழாய் ஒவ்வொன்றின் முனையையும் விரித்து, மறை முடுக்கி, கேஸ் கசியாதவாறு இணைப்பது நம் வீட்டுச் சுவரருகே நின்று வேலை செய்யும் ஒருவரின் கைகளே. எனவே தொழிற்சாலையிலிருந்து வெளிவருங்கால் ஸ்ப்ளிட் ஏ.ஸி. முற்றுப்பெறாத ஒரு பொருளேயாம். அதனை முற்றுவிப்பவர் பொருத்துபவரே. அவர் அப்பொறியின் இரண்டாம் உற்பத்தியாளர் எனினும் பொருந்தும். முதல் உற்பத்தியாளரைப் பற்றி நூறு வினா எழுப்பும் நாம் இரண்டாம் உற்பத்தியாளரைப் பற்றி ஒன்றும் வினவாதிருத்தல் அறிவுடைமையாகுமோ?

இனி, நல்ல காண்ட்ராக்டரை அறிதற்குரிய அடையாளங்களை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதல் அடையாளம், அவர் விலை கூறுமுன் அறையை அளப்பவராதல். தொலைபேசியிலேயே "ஒன்றரை டன் போடுங்கள், சரியாகிவிடும்" என்பவரை நாம் ஐயுறுதல் வேண்டும். டன் என்பது பொறியின் எடையைக் குறிப்பதன்று. அது பனிக்கட்டி வாணிகத்திலிருந்து வந்த ஓர் அளவு. நம் சென்னைக் கடற்கரையில் 1842-இல் எழுந்து இன்று விவேகானந்தர் இல்லமென விளங்கும் ஐஸ் ஹவுஸ், அமெரிக்க நாட்டிலிருந்து கப்பலேறி வந்த பனிக்கட்டியைச் சேமித்தற்கென்றே கட்டப்பட்டது. அக்காலத்தார்க்குக் குளிர்ச்சி என்பது எடையிட்டு விற்கும் சரக்கு. 2,000 இராத்தல், அஃதாவது ஏறத்தாழ 907 கிலோகிராம் பனிக்கட்டி, 24 மணி நேரத்தில் உருகுங்கால் எவ்வளவு வெப்பத்தை உட்கொள்ளுமோ அவ்வளவு வெப்பத்தை அதே காலத்தில் வெளியேற்றும் ஆற்றலே ஒரு டன் எனப்படும். மணிக்கு 12,000 பி.டி.யு. என்று விவரச்சீட்டிற் காண்பது இதுவே.

எத்துணை வெப்பத்தை வெளியேற்ற வேண்டும் என்பது அறையின் நீள அகலத்தை மாத்திரம் சார்ந்ததன்று. தரைத்தளத்தில் வேப்பமர நிழலில் இருக்கும் 120 சதுர அடி அறையும், மேல்தளத்தில் மொட்டைமாடியின் நேர்கீழே மேற்குச் சுவர் வெயிலேற்று நிற்கும் 120 சதுர அடி அறையும் ஒன்றாகா. சன்னல்கள் எத்தனை, அவை எத்திசை நோக்குவன, கூரையின் உயரம் யாது, உறங்குவோர் எத்துணைவர், பக்கத்தே சமையலறை உண்டோ என்பனவெல்லாம் கணக்கிற் சேரும். இவற்றை வினவாமல் பழைய பொறியின் அளவையே புதியதற்கும் கூறுபவர், பழையதைப் பொருத்தியவர் செய்த பிழையையும் சேர்த்து நம்மிடம் விற்கின்றார்.

பெரிய பொறியாயின் நன்றுதானே என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. அதுவும் ஆராயத்தக்கது. 1902-இல் அமெரிக்காவின் புரூக்ளின் நகரத்து அச்சகமொன்றிற்கென வில்லிஸ் காரியர் என்பார் முதன்முதல் வகுத்த பொறியின் நோக்கம் மனிதருக்குக் குளிரூட்டுவதன்று. காற்றின் ஈரத்தை அடக்கி, காகிதம் விரிந்து சுருங்காமற் காப்பதே அதன் நோக்கம். ஈரத்தை நீக்குதல் இன்றும் இப்பொறியின் பாதி வேலை. சென்னை, கடலூர், நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் நம்மை வருத்துவது வெப்பத்தோடு கூடிய புழுக்கமன்றோ? அறைக்கு மிஞ்சிய பொறி காற்றை விரைவிற் குளிர்வித்துத் தானே நின்றுவிடும்; ஈரத்தை வடிக்கப் போதிய நேரம் ஓடாது. அறை சில்லென்றிருந்தும் உடல் பிசுபிசுக்கும். இன்வெர்ட்டர் வகைப் பொறிகள் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ள வல்லன எனினும், அக்குறைப்பிற்கும் ஓர் எல்லை உண்டு. ஆதலின் அளவறிந்து சொல்பவரே நமக்கு வேண்டும். நம்முடைய தேவைக்குச் சிறிய பொறியே போதும் என்று கூறித் தம் இலாபத்தைக் குறைத்துக்கொள்ளும் காண்ட்ராக்டர் கிடைப்பாராயின் அவரை விடாது பற்றுதல் நன்று.

இரண்டாம் அடையாளம், புதிய பொறியைப் பற்றிப் பேசுமுன் பழைய பொறியைப் பற்றிப் பேசுபவராதல். முன்னாளைய வீட்டுப் பொறிகளிற் பெரும்பாலானவை ஆர்-22 என்னும் கேஸினால் இயங்கின. அது வானத்தின் ஓசோன் படலத்தைக் கெடுப்பது. 1987-இல் தோன்றிய மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி, இந்தியா போன்ற வளரும் நாடுகள் அவ்வகைப் பொருள்களை 2030-க்குள் ஏறக்குறைய முற்றும் விலக்குதல் வேண்டும். பழைய பொறிகளின் பழுதுபார்ப்பிற்கென ஒரு சிறு பகுதியே 2040 வரை விடப்பட்டுள்ளது. ஓசோனைக் கெடுத்தலே அன்றி, ஒரு கிலோ ஆர்-22 வெளியேறின், அது நூறாண்டுக் கணக்கில் ஏறத்தாழ 1,800 கிலோ கரியமில வாயுவுக்கு ஒப்பாக உலகை வெப்பமுறச் செய்யும். அதன்பின் வந்த ஆர்-410ஏ ஓசோனைக் கெடாது. ஆயினும் ஏறத்தாழ 2,000 மடங்கு வெப்பமூட்டும். இப்பொழுது பரவலாக வழங்கும் ஆர்-32 ஏறத்தாழ 675 மடங்கினது. அது முன்னவற்றினும் மேலானதே. ஆனால் சிறிது தீப்பற்றும் இயல்பினது ஆகலின் கையாள்வோர் பயிற்சியுடையராதல் வேண்டும்.

பழைய பொறியைக் கழற்றுங்கால் பலர் செய்வது யாது? குழாயின் மறையைத் தளர்த்திவிடுகின்றனர். கேஸ் சீறி வெளியேறுகின்றது. இரண்டு நிமிடத்தில் வேலை முடிகின்றது. கண்ணுக்குத் தோன்றாமையின் வீட்டாரும் அதனைக் குற்றமென எண்ணுவதில்லை. நல்ல தொழிலாளி அவ்வாறு செய்யார். பொறி ஓடும் நிலையிலிருப்பின் அதனை ஓடவிட்டு, ஒரு வால்வை அடைத்து, கேஸ் முழுவதையும் அவுட்டோர் பகுதிக்குள் ஈர்த்து, பின்னர் மற்றை வால்வையும் அடைப்பார். ஓடாத பொறியாயின் கேஸை வாங்கிச் சேமிக்கும் கருவியைக் கொணர்வார். "பழைய கேஸை என்ன செய்வீர்கள்?" என்னும் ஒரு வினாவே ஆளின் தரத்தைக் காட்டிவிடும். கழற்றிய பொறியும் தெருக்கோடியில் உடைத்துச் செம்பெடுக்கும் இடத்திற்குச் செல்லாதிருத்தல் வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள மின்னணுக் கழிவு விதிகள் ஏ.ஸி. பொறிகளையும் தம்முள் அடக்கியுள்ளன. பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் அவை சேர்தலே முறை.

பழைய செப்புக் குழாயே போதும் என்று உறுதி கூறுபவரிடமும் எச்சரிக்கை வேண்டும். ஆர்-22 பொறியின் குழாயில் படிந்திருக்கும் எண்ணெய் வேறு. புதிய பொறிகள் வேண்டும் எண்ணெய் வேறு. புதிய கேஸின் அழுத்தமும் பழையதனினும் மிகுதி. குழாயின் கனத்தையும் உள்நிலையையும் ஆராயாமல், சுவரை உடைக்கும் சிரமத்திற்கு அஞ்சிப் பழையதையே இணைத்துவிடுதல், புதிய திராட்சரசத்தைப் பழைய துருத்தியில் வார்ப்பதைப் போன்றதாகும்.

மூன்றாம் அடையாளம் அவர் கொணரும் கருவிகள். ஸ்பானரும் சுத்தியலும் துளையிடும் கருவியும் மாத்திரம் உடையவர் இவ்வேலைக்கு ஆகார். குழாய்களை இணைத்தபின் அவற்றினுள்ளே காற்றும் ஈரமும் தங்கியிருக்கும். அவற்றை வாக்யூம் பம்ப் கொண்டு வெளியேற்றுதல் வேண்டும். சிறிய வீட்டுப் பொறிக்கும் இது கால்மணி நேரத்திற்குக் குறையாமல் நடைபெறுதல் நன்று. அதன்பின் சிறிது நேரம் நிறுத்திவைத்து, அளவுமானியின் முள் நிலைத்து நிற்கின்றதா என்று பார்த்தலும் வேண்டும். இதனைச் செய்யாமல் பொறியிலுள்ள கேஸையே சிறிது திறந்துவிட்டுக் காற்றைத் தள்ளிவிடுவார் பலர். அதனால் ஈரம் முற்றும் நீங்குவதில்லை, கேஸும் குறைகின்றது. உள்ளே நின்ற ஈரம் எண்ணெயோடு சேர்ந்து புளித்து, கம்ப்ரசரை நாளடைவில் அரித்துவிடும். கேடு இரண்டு மூன்று கோடைகள் சென்றபின்னரே வெளிப்படுதலின், "கம்பெனி சரியில்லை" என்று பொறியின்மேற் பழி சுமத்துவோம். பொருத்தியவரை யாரும் நினைப்பதில்லை. கம்ப்ரசருக்குப் பத்தாண்டு உறுதி என்று விளம்பரம் இருப்பினும், பொருத்துதலிற் பிழை என்று கண்டால் அவ்வுறுதி பெரும்பாலும் நமக்குத் துணைவருவதில்லை.

வேறு சிலவும் கவனித்தற்குரியன. இண்டோர் பகுதியிலிருந்து நீர் வடியும் குழாய் சரிவாகச் செல்கின்றதா? இல்லையேல் மழைக்காலத்துக் கூரைபோலச் சுவர் ஒழுகும். அவுட்டோர் பகுதி விடும் வெங்காற்று தடையின்றி வெளிச்செல்ல இடமுண்டா? இரும்புக் கம்பிக் கூட்டிற்குள்ளோ எதிர்ச்சுவருக்கு நெருங்கியோ வைத்தால், பொறி தான் விட்ட வெப்பத்தையே மீண்டும் உண்டு இளைக்கும். மின்கம்பி போதிய கனமுடையதா, தனி எம்.ஸி.பி. உண்டா, எர்த் இணைப்புச் சரியா? இவற்றை நாம் கேளாமலே தாம் கேட்டு நோக்குபவர் தொழிலறிந்தவர்.

நான்காம் அடையாளம் எழுத்து. வாய்ச்சொல்லிலேயே எல்லாவற்றையும் முடிப்பவரிடம் பின்னர் வழக்காடுதல் வீண். இத்தொழிலில் விலை ஒன்றாகக் கூறப்பட்டு இறுதியில் வேறொன்றாக முடிதல் யாவரும் அறிந்ததே. "பொருத்துதல் இலவசம்" என்பர். வேலை முடிந்தபின் குழாய்க்கு அடிக்கு இவ்வளவு, ஸ்டாண்டுக்கு இவ்வளவு, துளைக்கு இவ்வளவு என்று கணக்கு நீளும். ஆதலின் மூவரிடமேனும் எழுத்துமூலம் மதிப்பீடு பெறுதல் நன்று. அதில் பொறியின் மாடல் எண், அறைக்கென அவர் கணித்த டன் அளவு, செப்புக் குழாயின் நீளமும் கனமும், மின்வேலை, வாக்யூம், கசிவு சோதனை, சுவரைப் பூசுதல், பழைய பொறிக்குக் கழித்துத் தரும் தொகை, வேலைக்கு அவர் தரும் உறுதியின் காலம், ஜி.எஸ்.டி. எண்ணோடு கூடிய பில் ஆகியவை தனித்தனியே காணப்படுதல் வேண்டும். மூன்று மதிப்பீடுகளையும் அருகருகே வைத்து நோக்கினால், மிகக் குறைந்ததாகத் தோன்றியது எதனை விடுத்துக் குறைந்தது என்பது தானே விளங்கும்.

பிறர் சான்றும் கொள்ளத்தக்கதே. ஆனால் பொருத்தி ஒரு கிழமை ஆன வீட்டாரிடம் கேட்டுப் பயனில்லை. புதிய பொறி எல்லாம் முதற் கிழமையிற் குளிரத்தான் செய்யும். இரண்டு கோடைகளைக் கடந்த வீட்டாரிடம் வினவுதல் வேண்டும். "பழுது நேர்ந்தபொழுது அழைத்தீர்களா, வந்தாரா?" என்பதே அவர்பால் கேட்கத்தக்க வினா.

இவ்வளவும் நம் நன்மையைப் பற்றியது. இவற்றினும் பெரிதான ஒன்று உண்டு. அதனைக் கூறுதற்கே இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம்.

அவுட்டோர் பகுதி எங்கே வைக்கப்படுகின்றது? அடுக்குமாடி வீடுகளில் மூன்றாம் மாடி, ஐந்தாம் மாடியின் வெளிச்சுவரில், ஒரு முழ அகலமுள்ள சிமெண்டுத் திட்டின்மேல் அல்லது இரும்புத் தாங்கியின்மேல். ஆண்டு இறங்கி நிற்பவர் பெரும்பாலும் இருபது இருபத்தைந்து வயதுடைய இளைஞர். நம்மை ஒத்த வயதினர். இடையில் கச்சை இல்லை. காலிற் செருப்பு மாத்திரம். சன்னற் கம்பியை ஒரு கையாற் பற்றி, மறு கையால் முப்பது கிலோவிற்கும் மேற்பட்ட பொறியைத் தாங்கி நிற்கின்ற காட்சியை நாம் அனைவரும் கண்டிருக்கின்றோம். கண்டு, "பார்த்துப்பா" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு உள்ளே திரும்பியும் இருக்கின்றோம். அவருள் பலர் பெறுவது மாதச் சம்பளமன்று. பொருத்தும் பொறியின் எண்ணிக்கைக்குரிய கூலியே. கோடையில் ஒரு நாளில் எத்தனை வீடு முடிக்கின்றாரோ அத்தனையே அவர் வருவாய். நாம் மதிப்பீட்டிற் குறைக்கச் செய்த ஐந்நூறு ரூபாய் எங்கிருந்து குறைகின்றது? பொறியின் விலையிலிருந்து அன்று. செப்பின் விலையிலிருந்து அன்று. அவ்விளைஞரின் நேரத்திலிருந்தும், வாக்யூம் பம்ப் ஓடவேண்டிய கால்மணியிலிருந்தும், அவர் இடையில் இருக்கவேண்டிய கச்சையிலிருந்துமே குறைகின்றது.

உபாகமம் 22-ஆம் அதிகாரத்தில் புதுவீடு கட்டுவானுக்கு ஒரு கட்டளை உண்டு. மேல்தளத்தைச் சுற்றி அவன் தடுப்புச் சுவர் எழுப்புதல் வேண்டும்; எழுப்பாமல் விட்டு ஒருவன் விழுந்து இறந்தால் அவ்விரத்தப்பழி வீட்டின்மேல் வரும் என்பது அதன் கருத்து. விழுபவன் தன் கவனக்குறைவால் விழுந்தான் என்று வீட்டுக்காரன் தப்பிக்க அக்கட்டளை இடந்தரவில்லை. வீடு யாருடையதோ பொறுப்பும் அவருடையதே. இக்காலத்து நமக்குத் தடுப்புச் சுவர் என்பது பாதுகாப்புக் கச்சையும், அதனைக் கட்டுதற்குரிய உறுதியான பிடியும், கயிறும், உதவிக்கு ஓர் ஆளும் ஆம். எனவே காண்ட்ராக்டரைத் தெரியுங்கால் "உம்முடைய ஆள் வெளியே இறங்கும்பொழுது எதனைக் கட்டிக்கொள்வார்?" என்று கேட்டல் நம் கடமை. "அவர்கள் பழகியவர்கள், ஒன்றும் ஆகாது" என்பது விடையாயின், அவர் கூறிய விலை எத்துணைக் குறைவாயினும் அவரை விடுத்தலே அறம். தம் ஆளின் உயிரை எண்ணாதவர் நம் வீட்டுக் குழாயின் மறையை எண்ணி முடுக்குவார் என்று எவ்வாறு நம்புவது?

இக்கருத்திற்கு மாறாகக் கூறப்படுவன இரண்டு. கம்பெனியே ஆள் அனுப்புகின்றது, நாம் ஏன் தேர்தல் வேண்டும் என்பது ஒன்று. கம்பெனியின் பெயர் பொறித்த சட்டையணிந்து வருவோர் பலர் உள்ளூர் ஏஜென்ஸியின் ஆட்களே. பெயர் பெரிதாயினும் வேலை செய்யும் கை இன்னதென அறிதல் வேண்டும். மேற்கூறிய வினாக்களை அவரிடமும் கேட்கலாம். வாக்யூம் பம்ப் இல்லாமல் வந்தவரைத் திருப்பி அனுப்பி, கம்பெனிக்கு எழுதலாம். மற்றொன்று, இவ்வளவு ஆராய்ச்சியும் கூடிய விலையும் எளியோர்க்கு இயலுமோ என்பது. இது நேர்மையான வினா. ஆனால் பிழையாகப் பொருத்திய பொறியால் மிகுதியும் துன்புறுபவர் எளியோரே. செல்வர் மறுபடி வாங்கிக்கொள்வர், தவணை கட்டுவார்க்கு அஃது இயலாது. அளந்து பார்த்து ஒன்றரை டன்னுக்கு ஒரு டன்னே போதும் என்று கண்டால், அதில் மிஞ்சும் பணம் நல்ல வேலைக்குரிய கூலியைத் தந்தும் மீதமாகலாம். நட்சத்திரச் சீட்டில் ஐ.எஸ்.இ.இ.ஆர். என்னும் எண்ணையும், அச்சீட்டு எவ்வாண்டிற்குரியது என்பதையும் பார்த்தல் நன்று. 2018 முதல் கட்டாயமான அவ்வெண் ஆண்டிற்கு 1,600 மணி நேரம் பொறி ஓடுவதாகக் கொண்டு கணித்தது. நம் வீட்டில் இரவில் மாத்திரம் சில மாதங்கள் ஓடுமாயின், ஐந்து நட்சத்திரத்திற்கென மிகுதியாகக் கொடுக்கும் விலை திரும்பக் காலம் நீளும். இக்கணக்கை நமக்கு விளக்கிச் சொல்லும் காண்ட்ராக்டரும் உளர். அவரைத் தேடிக் காண்பதற்கு வேண்டுவது பணமன்று, பொறுமை.

பொறுமை என்றமையால் காலத்தைப் பற்றியும் ஒரு சொல். கத்திரி வெயில் தொடங்கியபின் பழைய பொறி நின்றுவிட, அன்றே ஒருவர் வந்தாற் போதும் என்ற நிலையில் ஆளைத் தெரிதல் இயலாது, கிடைத்தவரே ஆள். தை மாசியில், லெந்து நாட்கள் தொடங்கும் முன்னரே பழைய பொறியை ஓட்டிப் பார்த்து மாற்றத்தை முடிவுசெய்பவர்க்கு மூவரை அழைக்கவும், மூவரையும் ஒப்பிடவும் ஓய்வுண்டு. வேலையாளுக்கும் அக்காலத்தில் விரைவில்லை. வேலையும் செவ்விதாக நடக்கும்.

இவ்வளவு ஆராய்ந்தும் ஏமாற்றப்படின் வாளாவிருத்தல் வேண்டா. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளின் குறையை மாத்திரமன்றி வேலையின் குறையையும் வழக்காகக் கொள்கின்றது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கறிஞர் இன்றியும் நம் வழக்கை நாமே உரைக்கலாம். ஆனால் ஆண்டும் கேட்கப்படுவது பில்லும் எழுத்துமே. ஜி.எஸ்.டி. தொகையை மிச்சப்படுத்தப் பில் வேண்டாம் என்றவர், தம் சான்றைத் தாமே கிழித்தவராவர்.

திருக்குறள் பொருட்பாலில் அதிகாரங்கள் நிற்கும் வரிசையைத் தமிழ் மாணவர் அறிவர். தெரிந்து செயல்வகை முன்னே வருகின்றது. அதன்பின் வலியறிதல், காலமறிதல், இடனறிதல். அவற்றின் பின்னரே தெரிந்து தெளிதலும் தெரிந்து வினையாடலும். செயலையும் வலியையும் காலத்தையும் இடத்தையும் அறிந்தும், ஆளை ஆராயாதவழி வேலை முற்றாது என்பதும், ஆராய்ந்தபின் அவரிடம் வேலையை ஒப்புவித்தல் வேண்டும் என்பதும் அவ்வரிசையிலிருந்து நாம் கொள்ளத்தக்கன. அரசனுக்கென வகுத்த முறை ஓரறை வீட்டிற்கும் பொருந்துகின்றது. ஆராய்ந்து தெளிந்தபின் பேரம் பேசி அவரை நெருக்குதலும், அருகே நின்று ஒவ்வொரு மறைக்கும் குறை கூறுதலும் தகா. நல்லவரென்று கண்டவருக்கு நேரம் கொடுத்து, குடிக்க நீர் கொடுத்து, பேசிய கூலியை அன்றே கொடுத்தல் வேண்டும்.

மாணவத் தோழர்காள்! அடுத்த முறை வீட்டில் "ஒரு மெக்கானிக்கைப் பார்" என்று நம்மைப் பணிப்பார்களாயின், முதற் பெயரை அழைத்து முடிப்போமாக என்று எண்ண வேண்டா. அளப்பவரா, பழைய கேஸை வெளிவிடாதவரா, கருவியுடையவரா, எழுதித் தருபவரா, தம் ஆளின் இடையிற் கச்சை கட்டுபவரா என்னும் ஐந்தையும் வினவுவோமாக. விலையை ஆறாவதாக வினவுவோமாக.